பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மாவு மில்

மாவு மில் நடத்துகிறவர்களுக்கு நரை எப்போது விழுந்தது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. மாவு படிந்த தலையைக் கண்ணாடியில் பார்த்தால் நமக்கே தெரியாது. மில்லோ, சலூனோ, சலவைக்கடையோ, பெட்டிக்கடையோ, நாலு பேர் வந்து நிற்கிற கடை எதை வைத்திருந்தாலும் நீங்கள் என் இனம். கடை திறந்து உட்கார்ந்திருக்கும்போது ஒரு ஈ, காக்கை வராது. சாப்பாட்டுத் தட்டில் கை வைத்ததும் தெருவே திரண்டு வரும். இந்தக் கஷ்டம் தெரிந்தவர்களிடம் மற்றதைச் சொல்வது சுலபம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் தாராவியில் எங்கள் மில் ஆரம்பமானது. என் வீட்டுக்காரருக்கு டிராம்பேயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவார். எங்கள் தெருமுனையில் சக்கி வைத்திருந்த, குஜராத்துப் பக்கத்துக் கட்ச்சிக்காரர், காட்கோபரில் மகனோடு போய் இருக்கப் போவதாகச் சொல்லி மில்லை விற்க வந்தார். மாவு மில்லுக்கு பம்பாயில் சக்கி என்றுதான் பெயர். என் வீட்டுக்காரர் வாங்கினார், நான் நடத்தினேன். "பொம்பளை மில் நடத்துவாளா?" என்று கேட்டவர்கள் எல்லோரும் வீட்டில் பெண்டாட்டி கையால் இடித்த மாவைத் தின்று வளர்ந்த ஆண்கள்தான்.

மில்லுக்குக் கிழக்கே ரயில் பாதை. அதன்மேல் ஒரு நடைப்பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டுங்கா. அங்கே ஆபீஸுக்குப் போகிற தமிழர்கள், இங்கே பட்டறைக்கும் தோல் கிடங்குக்கும் போகிற தமிழர்கள். இரண்டு பக்கமும் தமிழ்தான் பேசினோம். ஒருவரோடு ஒருவர்தான் பேசவில்லை.

மீன் நிற்காது

முதல் கிராக்கி கைராசிக்காரராக இருக்க வேண்டும் என்பது என் வீட்டுக்காரர் ஆசை. மில் திறக்கிற அன்றைக்கு லீவு போட்டிருந்தார். தெருவில் மஞ்சளும் குங்குமமுமாக, பிள்ளைகுட்டியோடு நிறைவாக வாழ்கிற ஒரு அம்மாளிடம் முந்தின நாளே சொல்லிவைத்திருந்தார். மோட்டாருக்குச் சந்தனம், கல்லுக்குக் குங்குமம், எலுமிச்சம்பழம், சாம்பிராணி எல்லாம் தயார். சூடம் கொளுத்துகிற நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது. சொல்லிவைத்த அம்மாள் இல்லை. பக்கத்து மீனவர் குடியிருப்பான கோளிவாடாவில் மீன் விற்கிற சுமன்பாய். தலையில் மீன் கூடை, இடுப்பில் அரிசி டப்பா. பச்சை மீன் வாடை சாம்பிராணியை ஒதுங்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தது.

என் வீட்டுக்காரர் முகம் சுண்டிவிட்டது. "கொஞ்சம் நில்லு, பூசை நடக்குது" என்றார். சுமன்பாய் கோபப்படவில்லை. சாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். எரிகிற சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கூடையை மட்டும் இறக்கவில்லை. பிறகு பம்பாய் இந்தியில் அவள் சொன்னதைக் கேட்டு, நானே போய் ஸ்விட்சைப் போட்டேன்.

"நான் எத்தனை நேரம் வேணும்னாலும் நிப்பேன் அண்ணா. இந்த மீன் நிக்காது."

திரிஞ்சு போன மாவு

மாட்டுங்காவிலிருந்து பாலம் ஏறி வந்த முதல் ஆள் ஜானகி மாமி. அவர் வழக்கமாகப் போகும் மில்லில் ஏதோ ரிப்பேர். விடிந்தால் பிள்ளையார் சதுர்த்தி. ஊறவைத்து உலர்த்திய அரிசியை வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி, கையில் தொங்கவிட்டுக்கொண்டு, என் மில்லின் நாலு மூலையையும் ஒரு பார்வை பார்த்தார். ஒட்டடை அடித்திருந்ததில் எனக்கு ஒரு மார்க் கிடைத்தது போலிருந்தது. "கொழுக்கட்டைக்கு மாவு வேணும்மா. முன்னாடி மிளகாய் கிளகாய் ஓட்டினியா?" என்று கேட்டார். "இல்லீங்கம்மா. இப்பதான் கல்லைத் தொடைச்சேன். குடுங்க, நல்லாத் திரிச்சுத் தாரேன்" என்றேன்.

மாமி மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "திரிஞ்சு போயிடுமா? எனக்கு வேண்டாம்மா! நாளைக்குப் பண்டிகை!" எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவருக்குத் திரிந்துபோவது பால். எனக்குத் திரிப்பது மாவு. திருநெல்வேலிப் பக்கம் மாவைத் திரிக்கத்தான் செய்வோம், அரைப்பது துவையலைத்தான். இதை நான் அவருக்கு விளக்கிச் சொல்லி, அவர் நம்பாமல், கடைசியில் ஒரு பிடி அரிசியைப் போட்டுத் திரித்துக் காட்டினேன். விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். மூட்டையை நீட்டினார்.

பண்டிகை முடிந்த மறுநாள், இலையில் சுற்றிய கொழுக்கட்டையோடு மறுபடியும் பாலம் ஏறி வந்தார். 'அம்மா' போய் 'அடி' வந்திருந்தது. "ஏண்டி கோமதி, ஒரு சொப்புகூட விரியலைடி! இனிமே எனக்கு அரைக்காதே, திரிச்சே குடு."

பெண் பார்க்க வந்த நாள்

மில் வைத்திருப்பவர்கள் அக்கம்பக்கத்து வீட்டு நல்லது கெட்டதைக் கேட்டுக்கொண்டுதான் மிளகாய் ஓட்ட வேண்டும். நான் கேட்காமல் விட்டது ஒருநாள்தான். கோளிவாடாப் பெண்கள் வருஷத்துக்கு வேண்டிய மசாலாவை வறுத்து மொத்தமாகக் கொண்டுவருவார்கள். அப்படிக் கொண்டுவந்த ஒருநாள், மில்லை ஒட்டின வீட்டில் செம்பூரிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்கு ஸ்விட்சைப் போட்டேன்.

மாப்பிள்ளை தும்மினாராம். சகுனம் என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தாராம்; முடிப்பதற்குள் அவரே தும்மினாராம். காபித் தட்டோடு வந்த பெண் கண்ணைத் திறக்க முடியாமல் மாமனார் மடியில் காபியைக் கவிழ்க்கப் பார்த்தாளாம். விஷயம் தெரிந்து நான் மோட்டாரை நிறுத்திவிட்டு ஓடினபோது, வீட்டில் அத்தனை பேரும் முந்தானையிலும் துண்டிலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். 'ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டோமே' என்று வாசலிலேயே நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், எனக்கே தும்மல் வந்தது. அதைப் பார்த்து அந்தப் பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். மாப்பிள்ளையும் சிரித்தார். அதன்பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. மாப்பிள்ளையின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே பெண்ணின் அம்மாவிடம் சொன்னார்:

"பொண்ணை அனுப்பும்போது அழ வேண்டியதை இப்பவே எல்லாருமா அழுது முடிச்சாச்சு. தேதியைப் பாருங்க."

பெல்ட்

மோட்டாரையும் கல்லையும் இணைக்கிற பெல்ட் ஒருநாள் காலையில் பட்டென்று அறுந்தது. கோட்டைப் பக்கம் ஒரு பெரிய கடையில் வெளிநாட்டு பெல்ட் விற்பார்கள். என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டுப் போய்க் கேட்டார். சரக்கு கப்பலில் வருகிறது, வந்ததும் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். எந்தக் கப்பல், எந்தக் கடலில் என்று யாருக்கும் தெரியவில்லை. மில் மூடிக் கிடந்தது. எங்கள் பின்சந்தில் மீரான் பாய் தோல் பட்டறை வைத்திருந்தார். ராமநாதபுரத்துப் பக்கம் அவருக்கு ஊர். பெட்டிக்கு வார், சூட்கேஸுக்குக் கைப்பிடி என்று செய்வார். மூடியிருந்த மில்லைப் பார்த்துவிட்டு நின்றார். "என்ன தங்கச்சி, கடையடைப்பு?" சொன்னேன். அறுந்த பெல்ட்டைக் கையில் வாங்கி, வளைத்து, மோந்துகூடப் பார்த்தார். "கப்பலை அது பாட்டுக்கு வரச்சொல்லுங்க. நான் ஒண்ணு தச்சுத் தாரேன். ஓடலைன்னா என் பட்டறையில மாட்டி ஊஞ்சல் ஆடிக்கிறேன்" என்றார்.

ஓடியது. பழைய பெல்ட் படபடவென்று அடித்துக்கொள்ளும். இது வீணை மாதிரி ரீங்காரம் போட்டது. அதற்குப்பிறகு மில்லுக்கு என்ன வேண்டும் என்றாலும் முதலில் எங்கள் தெருவில் தேடுவது என்று வழக்கமானது. கல் கொத்த மூணாவது சந்தில் கல்வேலை செய்கிற வடார் மேஸ்திரி. டின்னுக்கு மூடி அடிக்க முக்கு வீட்டுத் தகரக்காரர். அவர்கள் வீட்டுத் தானியமெல்லாம் திரிக்க என்னிடம் வந்தது.

ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம். ஜானகி மாமி என்ன சொல்வார்? நேமநிஷ்டை பார்க்கிறவர். தோல் பெல்ட் என்று தெரிந்தால் திரும்பிப் போய்விடுவாரோ? அவரை ஏமாற்றவும் மனசில்லை. அடுத்த முறை அவர் வந்ததும், "மாமி, ஒண்ணு சொல்லணும். புது பெல்ட் மாட்டியிருக்கோம். பின்சந்துல மீரான் பாய் பட்டறையில..." என்று ஆரம்பித்தேன். மாமி சுற்றுகிற பெல்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த கோதுமை டின்னைப் பார்த்தார்.

"மோட்டார் போடற சத்தத்துல நீ சொல்றது ஒண்ணும் காதுல விழலைடி. மாவைத் திரி."

மைலோ

அரிசி கிடைக்காத வருஷங்கள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ரேஷனில் மைலோ என்று ஒரு சிவப்புச் சோளம் போட்டார்கள். அதைக் கொண்டுவந்து என் மில் வாசலில் வைத்துவிட்டு, இதை என்ன செய்வது என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள், ஏதோ நான் விளைவித்த மாதிரி. முத்துலட்சுமி கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எங்கள் தெருவில் முறுக்கு, சேவு சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவள் அவள். ஓரகத்திகளையும் சேர்த்துக்கொண்டு, ஒரு வீட்டையே அடுப்பாக்கி வைத்திருந்தாள். "மயினி, அரிசி இல்லாம நான் எதைப் பிழிய? என் தலைவிதியையா?" என்றாள்.

சுமன்பாய் அங்கேதான் நின்றிருந்தாள். எங்கள் ஊரில் மதினியை மயினி என்போம். அவர்கள் மராட்டியில் வைனி என்பார்கள். இரண்டும் அண்ணன் பெண்டாட்டிதான். அதனால் முத்துலட்சுமிக்கும் சுமன்பாய்க்கும் என்னைக் கூப்பிடுவதில் ஒற்றுமை உண்டு. "வைனி, கொஞ்சம் மாவு குடு" என்று சுமன்பாய் கீழே உட்கார்ந்தாள். வெந்நீர் விட்டுப் பிசைந்தாள். உருட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தட்டித் தட்டிப் பாக்ரி என்கிற ரொட்டி செய்து காட்டினாள். அதைப் பார்த்து முத்துலட்சுமி, பொட்டுக்கடலை மாவு சேர்த்தால் சேவு பிழியலாம் என்று கண்டுபிடித்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமி வந்தார். பருப்போடு போட்டு அடை வார்த்ததாகச் சொன்னார். செய்ததை ஆளுக்குக் கொஞ்சம் எனக்கும் கொண்டுவந்தார்கள், சரியாக இருக்கிறதா என்று பார்க்க. நான் பார்த்தது போக மிச்சம் வீட்டுக்கு வந்தது. காலையில் பாக்ரி, டிராம்பேக்கு டிபனில் அடை, சாயங்காலம் வந்ததும் சேவு. என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, ரேஷன் கடைக்காரன் ஒரே வேஷத்துலதான அனுப்புனான்? நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் இத்தனை வேஷத்துல வருது?"

நடந்து போகிற தூரம்

ஜானகி மாமியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சீர் பட்சணம் செய்ய வழக்கமாக வருகிற சமையல்காரர் திடீரென்று வேறு பெரிய இடத்து வேலையை ஒப்புக்கொண்டு கைவிரித்துவிட்டார். சம்பந்தி வீடு டோம்பிவிலி. பட்சணத்தை உடைத்துப் பார்த்து, சத்தம் கேட்டு, மார்க் போடுகிற குடும்பம் என்று பெயர். மாமி என் மில் வாசலில் வந்து பொத்தென்று உட்கார்ந்தார். அப்போது முத்துலட்சுமி மாவு வாங்க வந்தாள். நான் அவள் கூடையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து மாமி கையில் கொடுத்தேன். மாமி தயங்கியது எனக்குத் தெரிந்தது, முத்துலட்சுமிக்கும் தெரிந்தது. மாமி அதை ஒடித்தார். கலகலவென்று பொடிந்தது. "நீங்கள்ளாம் எங்காத்துக்கு வந்து பண்ணித் தரேளா?" என்று கேட்டார்.

முத்துலட்சுமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வரமாட்டோம்மா. உங்க வீட்டுல வந்து சுட்டா, அது உங்க வீட்டு முறுக்கு. எங்க வீட்டுல சுட்டாத்தான் எங்க முறுக்கு. வேணும்னா எங்க அடுப்புல சுட்டுத் தாரோம். அதுக்கு மேல உங்க இஷ்டம்." அவ்வளவு பெரிய வேலை அவளுக்கு அதுவரை கிடைத்ததில்லை. அவளுடைய ஓரகத்தி பின்னாலிருந்து அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். முத்துலட்சுமி திரும்பவில்லை. மாமி எழுந்து, பாலம் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை, குளித்து ஈரத்தலையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, மாமி வந்தார். கையில் நெய் டின், எள், பெருங்காயம். "வழியைக் காட்டு" என்றார். முத்துலட்சுமி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மணையைப் போட்டார்கள். மாமி உட்கார்ந்தார். பொழுது சாய்கிறவரை எழுந்திருக்கவில்லை. மாவு பிசைகிறபோது அவர் ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொல்ல, நடுவில் கை சுற்று முறுக்கை யார் சீராகச் சுற்றுவது என்று போட்டியே வந்துவிட்டது. முதல் ஈடு எடுத்ததும் முத்துலட்சுமி தட்டை அவர் முன்னால் வைத்தாள். வீட்டில் எல்லோரும் மாமி வாயையே பார்த்தார்கள். மாமி சூட்டோடு எடுத்து, ஊதி, வாயில் போட்டார். "இன்னும் கொஞ்சம் உப்பு தாங்கும்டி" என்றார். அந்தப் பெண்களெல்லாம் சிரித்த சிரிப்பு மில்வரைக்கும் கேட்டிருக்கும்.

கல்யாணத்துக்கு எங்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார். முத்துலட்சுமி நீலப் பட்டு கட்டிக்கொண்டு, எனக்குப் பக்கத்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். சம்பந்தி அம்மாள் முறுக்கை ஒடித்தார், சத்தம் கேட்டார், இன்னொன்றை எடுத்தார். "இது எந்த ஊர்லேருந்து வரவழைச்சது?" என்று மாமியிடம் கேட்டார். மாமி எங்களைக் கை காட்டினார்.

"அதோ, அவா பண்ணினது. எங்காத்துலேருந்து நடந்து போற தூரம்தான். நான்தான் இத்தனை வருஷமா நடக்கலை."

மூடச் சொன்னவர்கள்

அறுபதுகளின் பின்பாதியில், தெற்கேயிருந்து வந்தவர்கள் கடையில் எதுவும் வாங்காதீர்கள் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. பேச்சு சில இடங்களில் கல்லாகவும் பறந்தது. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகும்போது, "கதவைப் பாதி சாத்தி வை" என்று சொல்லிவிட்டுப் போனார். பாதி சாத்தின கதவைத் தாண்டி நாலைந்து இளவட்டங்கள் வந்து நின்று, "சக்கியை மூடு" என்றார்கள். இத்தனை வருஷம் இதே தெருவில் இருந்தும், அந்த நிமிஷத்தில் எனக்கு ஊரிலிருந்து ரயில் ஏறி வந்த முதல் நாள் மாதிரி இருந்தது.

சுமன்பாய் உள்ளே அரிசி டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். கதவை முழுசாகத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே வந்து, வாசல்படியிலேயே சம்மணம் போட்டாள். மராட்டியில் அவள் கொடுத்ததை என்னால் முழுக்க எழுத முடியாது. சுருக்கம் இதுதான்: "மூடிக்கலாம். அதுக்கு முன்னாடி என் வீட்டுப் பாக்ரிக்கு யார் மாவு தருவா, அதைச் சொல்லு. நீ அரைப்பியா? உன் கையைக் காட்டு. இவ கை மாதிரியா இருக்கு?" அவள் சத்தம் கேட்டு, சந்தைக்குப் புறப்பட்டிருந்த கோளிவாடாப் பெண்கள் கூடைகளோடு வந்துவிட்டார்கள். மீன்காரிகள் கூட்டமாக நிற்கிற இடத்தில் நியாயம் பேசி ஜெயித்தவர்கள் பம்பாயில் யாரும் இல்லை. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவர்களில் ஒருவன் தனியாக வந்தான். சட்டைக்குள் மறைத்த மாதிரி கையில் எதையோ பிடித்திருந்தான். மெதுவாக எடுத்து வைத்தான். ஜோவார் சோளம் நிரம்பின டப்பா. என் முகத்தைப் பார்க்காமல், மோட்டாரைப் பார்த்துச் சொன்னான்:

"அம்மா அனுப்பினாங்க. போன தடவை மாதிரியே சன்னமா வேணுமாம்."

பாட்டு முடியவில்லை

கடைசியாக, தீபாவளிக்கு முந்தின வாரம் மோட்டார் எரிந்த கதை. மில்காரர்களுக்குத் தீபாவளி என்றால் அந்த வாரம்தான். பண்டிகை அன்றைக்குத் தூங்கத்தான் செய்வோம். வாசல் நிறைய டின்னும் மூட்டையும் வரிசையாக இருக்கும்போது, மோட்டாரிலிருந்து கறுப்பாகப் புகை வந்தது. பெரிய கம்பெனிக்குச் சொல்லியனுப்பினால், தீபாவளி கழித்துத்தான் ஆள் வரும் என்று பதில். மீரான் பாயின் மச்சான் பக்கத்துச் சந்தில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற பட்டறை புதிதாகப் போட்டிருந்தார். "குடுங்க, சுத்திப் பார்க்கிறேன். ஆனா சாயங்காலம் ஆகும், நாளைக்கும் ஆகலாம்" என்றார். கொடுத்தோம்.

எனக்கு மற்றவர்களைப் பற்றிக் கவலையில்லை. முத்துலட்சுமி பிழைப்பே அந்த வாரம்தான். சயான் பக்கம் பளபளவென்று ஒரு புது மில் வந்திருந்தது. "அங்க போ, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்" என்று நானே அவளை அனுப்பினேன். போனவள் போன வேகத்தில் மூட்டையோடு திரும்பி வந்தாள். திரித்துத் தருகிறேன், ஆனால் இனிமேல் எப்போதும் இங்கேதான் வர வேண்டும் என்று அந்த மில்காரர் சொன்னாராம். "என்ன சொன்ன?" என்றேன். "எங்க மயினிக்கு மோட்டார்தான் எரிஞ்சிருக்கு, அவ எரியலைன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. அவள் மாவுக்கு வழி?

வழியை சுமன்பாய் தலையில் சுமந்துகொண்டு வந்தாள். அவள் வீட்டுக் கல் திருகை, அவர்கள் சொல்கிற ஜாத்தே. பின்னாலேயே இன்னும் இரண்டு பெண்கள் இரண்டு திருகையோடு வந்தார்கள். முத்துலட்சுமியின் ஓரகத்தி வீட்டில் ஒன்று கிடந்தது. மில் வாசலில் சாக்கை விரித்தோம். ஒரு திருகைக்கு இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சுற்ற, மற்றவர்கள் சலிக்க, வேலை ஆரம்பமாயிற்று. கோளிப் பெண்கள் திருகையைச் சும்மா சுற்ற மாட்டார்கள், பாட்டோடுதான் சுற்றுவார்கள். அவர்கள் நிறுத்தின இடத்தில் முத்துலட்சுமி எங்கள் ஊர்க் கும்மியை எடுத்தாள். டின்னை வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்த ஜானகி மாமி, "நகருங்கோடி" என்று உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த கீர்த்தனை ஒன்றை ஆரம்பித்தார். அது திருகைக்கு ஒத்துவரவில்லை. திருகையை அதற்கேற்றபடி மெதுவாகச் சுற்றினோம். மீரான் பாய் வீட்டிலிருந்து தேநீர் வந்தது. வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர், சட்டையைக் கழற்றிவிட்டுச் சல்லடையை எடுத்தார்.

வெயில் இறங்குகிற நேரத்தில் மச்சான் மோட்டாரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து மாட்டினார். எல்லோரும் எழுந்து நின்றோம். ஸ்விட்சைப் போட்டேன். கல் சுற்றியது. கை தட்டினார்கள், விசில் அடித்தார்கள். மச்சான் வெட்கப்பட்டுப் பீடியைத் தேடினார். நான் முதல் மூட்டையை அவிழ்த்தேன். அப்போது திருகைக்குப் பக்கத்திலிருந்து சுமன்பாயின் குரல், மோட்டாரையும் மீறிக் கேட்டது:

"வைனி, அதை நிறுத்து! என் பாட்டு இன்னும் முடியலை."

இத்தனை வருஷம் மில் நடத்தி என்ன சேர்த்தாய் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, எங்கள் வீட்டுக்கு நாலு திசையிலிருந்தும் வருகிற தீபாவளிப் பலகாரத்தைத் தின்று தீர்ப்பதற்குள் பொங்கல் வந்துவிடுகிறது என்பதுதான்.